தாய்ப்பலகை: உறுப்புகளின் உடன்படிக்கை

நுழையும்முன்

மேசைக் கணினியின் நுண்செயலி ஒரு நாட்டில் உருவாகிறது. நினைவகச் சில்லு இன்னொரு நாட்டில் உருவாகிறது. சேமிப்பகம், வரைகலை அட்டை, மின்வழங்கி ஆகியன வேறு வேறு ஆலைகளிலிருந்து வருகின்றன. ஒருவரையொருவர் அறியாதவர்கள் செய்த இவ்வுறுப்புகள், நம் ஊர்க் கடையொன்றின் மேசைமீது ஒன்றுசேர்க்கப்பட்டதும் ஒரே உடலாக இயங்கத் தொடங்குகின்றன. இஃது எவ்வாறு இயல்கிறது? இவ்வினாவுக்கான விடை, கணினிப் பெட்டிக்குள் மறைந்திருக்கும் ஓர் அகன்ற பலகையில் இருக்கிறது. அப்பலகையைப் படித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

கணினியின் உறுப்புகளைத் தன்மீது தாங்கி, அவற்றிற்கு மின்னாற்றலை வழங்கி, அவற்றிற்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் மின்சுற்றுப் பலகையே தாய்ப்பலகை எனப்படும். அதன்மீது செருகப்படும் சிறு பலகைகளை மகள் பலகைகள் என்று வழங்கும் மரபு பொறியியலில் உண்டு. எனவே, தாய் என்னும் சொல் இங்கே அளவில் பெரியது என்பதை மட்டும் குறிப்பதன்று. தாங்குதல், ஊட்டுதல், இணைத்தல் ஆகிய மூன்று பணிகளையும் சேர்த்தே குறிக்கிறது.

தனிமனிதர் வாங்கக்கூடிய கணினிகள் தோன்றிய தொடக்கக் காலத்தில் இன்றைய வடிவிலான தாய்ப்பலகை இல்லை. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் கணினியில், நுண்செயலி ஓர் அட்டையிலும் நினைவகம் வேறோர் அட்டையிலும் இருந்தன. அட்டைகள் அனைத்தும் 100 தொடுமுனைகள் கொண்ட இணைப்பிகள்வழி ஒன்றோடொன்று தொடர்புகொண்டன. 1977ஆம் ஆண்டில் வந்த ஆப்பிள் II கணினி, நுண்செயலியையும் நினைவகத்தையும் ஒரே முதன்மைப் பலகையில் அமைத்து, கூடுதல் அட்டைகளுக்கு எட்டுச் செருகுவாய்களை அளித்தது.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் பலகையில் இன்டெல் 8088 நுண்செயலி 4.77 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கியது. ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அந்நிறுவனம் தன் கணினியின் மின்சுற்று வரைபடங்களைத் தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது. கையேட்டைப் படித்தவர்கள் அச்செருகுவாய்க்குப் பொருந்தும் அட்டைகளைத் தாங்களே வடிவமைத்தனர். பின்னர், அக்கணினியோடு ஒத்தியங்கும் முழுக் கணினிகளையும் பிற நிறுவனங்கள் உருவாக்கின. ஒரு நிறுவனத்தின் பொருளாகத் தோன்றியது, பல நிறுவனங்கள் பின்பற்றும் பொது வடிவமாக வளர்ந்தது. இன்றைய மேசைக் கணினியின் தாய்ப்பலகை அம்மரபின் வழித்தோன்றலே ஆகும்.

அடுக்கடுக்காய் அமைந்த பலகை

வெளித்தோற்றத்தில் ஒற்றைத் தகடாகக் காட்சியளிக்கும் தாய்ப்பலகை, உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. கண்ணாடி இழைத் துணியை எப்பாக்சிப் பிசினில் தோய்த்து இறுக்கிய தகடுகளும், மெல்லிய செப்புப் படலங்களும் மாறிமாறி அடுக்கப்பட்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கப்படுகின்றன. நான்கு, ஆறு, எட்டு எனச் செப்பு அடுக்குகளின் எண்ணிக்கை பலகைக்குப் பலகை வேறுபடும். இத்தனை அடுக்குகள் இருந்தும் பலகையின் தடிமன் பெரும்பாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை.

செப்புப் படலத்தில் வேண்டாத பகுதியை வேதிமுறையில் அரித்து நீக்கியபின் எஞ்சுவன செப்புத் தடங்கள். மின்கம்பிகளுக்கு மாற்றாக விளங்குபவை இவையே. ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்னும் பொறியாளர் 1930களில் இங்கிலாந்தில் இம்முறைக்கு வழிகோலினார். அதற்கு முன்பு வானொலிப் பெட்டி போன்ற கருவிகளில் ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனிக் கம்பியால் கையாலேயே பற்றவைக்க வேண்டியிருந்தது. அச்சிட்ட மின்சுற்றுப் பலகை அவ்வுழைப்பைக் குறைத்ததோடு, ஒரே வடிவத்தைப் பிழையின்றிப் பல இலட்சம் முறை படியெடுக்கவும் வழிசெய்தது.

ஓரடுக்கிலுள்ள தடம் அடுத்த அடுக்கிற்குச் செல்ல, உட்புறம் செப்புப் பூசிய நுண்துளைகள் பயன்படுகின்றன. உள் அடுக்குகளுள் சில, தடங்களாகப் பிரிக்கப்படாமல் ஏறக்குறைய முழுப் படலமாகவே விடப்படுகின்றன. அவை மின்னாற்றலைப் பரப்பவும், மின்னோட்டம் திரும்பிவரும் பொதுப்பாதையாக விளங்கவும், அருகருகே செல்லும் மின்சைகைகள் ஒன்றையொன்று குலைக்காமல் காக்கவும் உதவுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் தடங்களினும் தெரியாத படலங்கள் செய்யும் பணி குறைந்ததன்று.

அளவில் ஓர் ஒழுங்கு

தாய்ப்பலகையைப் பெட்டியில் பொருத்தும் திருகுத் துளைகள் எங்கே அமைய வேண்டும்? பின்புற இணைப்புவாய்கள் எந்த விளிம்பில் வர வேண்டும்? மின்வழங்கியின் இணைப்பி எத்தகையதாக இருக்க வேண்டும்? இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் முடிவுசெய்தால், ஒருவர் செய்த பெட்டியில் மற்றவர் செய்த பலகை பொருந்தாது. இச்சிக்கலைத் தீர்க்கும் தரநிலைகளுள் இன்றளவும் செல்வாக்குடன் விளங்குவது, இன்டெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்பதாகும்.

ஏடிஎக்ஸ் பலகையின் முழு அளவு 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் ஆகும். முந்தைய வடிவத்தில் நுண்செயலி, செருகுவாய்களின் நேர்வரிசையில் அமைந்து நீண்ட அட்டைகளுக்குத் தடையாக நின்றது. ஏடிஎக்ஸ் வடிவம் பலகையைக் கால் சுற்றுத் திருப்பி, நுண்செயலியை அவ்வரிசையிலிருந்து விலக்கியது; இணைப்புவாய்களைப் பின்விளிம்பில் ஒரே தொகுதியாகக் குவித்தது. பிற்காலத்தில் 244 மி.மீ. சதுர அளவுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ், 170 மி.மீ. சதுர அளவுள்ள மினி ஐடிஎக்ஸ் முதலிய சிறு வடிவங்கள் தோன்றின. ஆயினும், அவற்றின் திருகுத் துளைகள் ஏடிஎக்ஸ் பெட்டியின் துளைகளோடு ஒத்துப்போகும்படியே வகுக்கப்பட்டன. அதனால், சிறிய பலகையைப் பெரிய பெட்டியிலும் பொருத்த முடிகிறது. பழையதை முற்றிலும் தள்ளிவிடாமல் புதியதற்கு இடமளிக்கும் இப்பண்பைத் தாய்ப்பலகை வடிவமைப்பில் பல இடங்களில் காணலாம்.

நுண்செயலியின் இருக்கை

பலகையின் மேற்பகுதியில், உலோகச் சட்டத்தால் மூடப்பட்ட சதுர வடிவ அமைப்பே நுண்செயலி அமரும் சாக்கெட் ஆகும். இன்றைய வகைகளில், சாக்கெட்டினுள் மயிரிழை போன்ற வளைந்த உலோக முனைகள் நெருக்கமாக நிற்கின்றன. நுண்செயலியின் அடிப்புறத்தில் பொன்முலாம் பூசிய சிறு தொடுதளங்கள் உள்ளன. நெம்புகோலைத் தாழ்த்தியதும் தொடுதளங்கள் முனைகள்மீது அழுந்தி இணைப்பு உண்டாகிறது. இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் இத்தகைய முனைகள் 1700. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட்டில் 1718.

இத்தனை முனைகள் எதற்கு? ஆயிரத்துக்கும் மேற்பட்ட முனைகள் அனைத்தும் செய்தியைக் கடத்துவன அல்ல. அவற்றுள் பெரும்பங்கு மின்னாற்றலை உள்ளே செலுத்துவதற்கும் வெளியே திருப்புவதற்குமே பயன்படுகிறது. அதற்கான காரணத்தை அடுத்த பகுதியில் காண்போம்.

எந்த நுண்செயலியை எந்தப் பலகையில் பொருத்தலாம் என்பதை முதலில் முடிவுசெய்வது சாக்கெட்டே. ஏஎம்டி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஏஎம்4 சாக்கெட்டிற்குப் பல தலைமுறை நுண்செயலிகள் அடுத்தடுத்து வந்தன. அதனால், பலகையை மாற்றாமலே நுண்செயலியை மட்டும் புதுப்பிக்கும் வாய்ப்புப் பலருக்குக் கிட்டியது. மாறாக, சாக்கெட் அடிக்கடி மாறுமிடத்தில், நுண்செயலியை மாற்ற விரும்புவோர் பலகையையும் சேர்த்தே வாங்க நேர்கிறது. ஒரு வடிவமைப்பு முடிவு, வாங்குவோரின் செலவையும் குப்பையின் அளவையும் ஒருசேர மாற்றிவிடுகிறது.

மின்னாற்றல் வழங்கும் முறை

கணினியின் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் ஆகிய மின்னழுத்தங்களை 24 முனைகள் கொண்ட இணைப்பிவழித் தாய்ப்பலகைக்கு அளிக்கிறது. நுண்செயலிக்கெனத் தனியாக 12 வோல்ட் இணைப்பி ஒன்றும் சாக்கெட்டின் அருகே உண்டு. ஆனால், நுண்செயலியின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 1 வோல்ட் அளவிலேயே இயங்குகின்றன. அவற்றிற்கு 12 வோல்ட்டை நேரடியாக அளித்தால் நொடிப்பொழுதில் அழிந்துவிடும். எனவே, மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றமைப்பு, சாக்கெட்டைச் சூழ்ந்து அமைக்கப்படுகிறது.

இயற்பியல் பாடத்தில் நாம் கற்ற எளிய சமன்பாட்டை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. ஒரு நுண்செயலி 1.2 வோல்ட்டில் 120 வாட் திறனை நுகர்வதாகக் கொள்வோம். அதற்குத் தேவையான மின்னோட்டம் 100 ஆம்பியர்! நம் வீட்டுச் சுவரிலுள்ள பெரிய மின்செருகுவாயே 16 ஆம்பியருக்கு உரியதுதான். அதே 120 வாட் திறனை 12 வோல்ட்டில் கொண்டுசென்றால் 10 ஆம்பியர் போதும். மின்தடையுள்ள பாதையில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே, 100 ஆம்பியர் செல்லும் பாதையில், 10 ஆம்பியர் செல்லும்போது தோன்றுவதைப்போல் நூறு மடங்கு வெப்பம் தோன்றும். இதனால்தான் மின்னாற்றல் 12 வோல்ட்டாகவே சாக்கெட்டின் வாயில்வரை வந்து, அங்கே 1 வோல்ட் அளவிற்கு மாற்றப்படுகிறது. உள்ளே நுழைய ஒரு முனை போதாமல் பல நூறு முனைகள் அந்த மின்னோட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதும் இதனால்தான்.

இம்மாற்றத்தைச் செய்பவை மூவகை உறுப்புகள். நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் 12 வோல்ட்டைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகின்றன. மின்தூண்டிகள் அத்துண்டுகளைச் சீரான ஓட்டமாக இழைக்கின்றன. மின்தேக்கிகள், ஊர்ப் பொதுத்தொட்டி தண்ணீரைத் தேக்கி வைப்பதுபோல மின்னூட்டத்தைத் தேக்கி, தேவை திடீரென உயரும்போது ஈடுகொடுக்கின்றன. ஒரே அணியின்மீது முழுச் சுமையையும் ஏற்றாமல், இத்தகைய அணிகள் பல முறைவைத்து இயங்குகின்றன. சாக்கெட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சிறு கனசதுரங்கள் மின்தூண்டிகள். அவற்றின் அருகே அலுமினியத் துடுப்புகளுக்கு அடியில் மறைந்திருப்பவை டிரான்சிஸ்டர்கள்.

தொலைவும் காலமும்

நினைவகப் பட்டைகளின் செருகுவாய்கள் நுண்செயலியை ஒட்டியே அமைந்திருப்பதைக் காணலாம். இஃது அழகு கருதிய ஏற்பாடு அன்று. இயற்பியல் விதித்த கட்டளை.

ஒளி வெற்றிடத்தில் ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்கிறது. தாய்ப்பலகையின் செப்புத் தடத்தில் மின்சைகை அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில், அதாவது நானோ நொடிக்கு 15 செ.மீ. அளவில் செல்கிறது. நம் அன்றாட வாழ்வில் இவ்வேகம் எல்லையற்றதாகத் தோன்றும். ஆனால், டிடிஆர்5 வகை நினைவகம் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 480 கோடி பிட் அளவில் செய்தியை அனுப்பும்போது, ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 0.21 நானோ நொடிதான். அக்காலத்திற்குள் மின்சைகை கடப்பது வெறும் 3 செ.மீ. தொலைவே. எனவே, நினைவகம் தள்ளிப்போகப் போகச் செய்தி வந்துசேரும் காலம் நீள்வதோடு, அதன் தெளிவும் குறைகிறது.

தொலைவைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. நினைவகத்திற்கும் நுண்செயலிக்கும் இடையே பல பிட்டுகள் அருகருகே உள்ள தடங்களில் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. அவை ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஒரு தடம் நேராகவும் மற்றொன்று சுற்றியும் சென்றால், ஒரு பிட் முந்திவரும், மற்றது பிந்திவரும். மூன்று செ.மீ. வேறுபாடு நேர்ந்தால், முதல் வரிசையின் பிட் இரண்டாம் வரிசையின் பிட்டுகளோடு கலந்து செய்தியே பிழையாகிவிடும்.

தேசிய மாணவர் படையின் அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். அணி வளைவில் திரும்பும்போது வெளிவரிசையினர் அகல அடி வைப்பர். உள்வரிசையினர் அடியைச் சுருக்கி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நடப்பர். அதனால் வரிசை கலையாமல் காக்கப்படும். தாய்ப்பலகையில் மின்சைகையின் வேகத்தை மாற்ற முடியாது. ஆகவே, வடிவமைப்பாளர் பாதையின் நீளத்தைச் சமமாக்குகிறார். குறுக்குவழி கிடைத்த தடத்தைப் பாம்பு ஊர்வதுபோல் வளைத்து வளைத்து நீட்டி, நீண்ட வழி சென்ற தடத்தோடு ஒரே அளவாக்குகிறார். சாக்கெட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே நெளிநெளியாகக் காணப்படும் செப்புக் கோடுகளின் பொருள் இதுதான். காரணமின்றி வளைந்த கோடு அப்பலகையில் அரிது.

டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரு நினைவகப் பட்டைகளுக்கும் தொடுமுனைகள் 288தான். ஆனால், அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டுக்குழி வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளது. ஒன்றிற்குரிய செருகுவாயில் மற்றொன்று நுழையாது. மின்னழுத்தமும் சுற்றமைப்பும் வேறுபடும் உறுப்பை யாரும் தவறிச் செருகி அழித்துவிடாமல், வடிவமே காவல் நிற்கிறது.

விரிவாக்கப் பாதைகள்

தாய்ப்பலகையின் கீழ்ப்பகுதியில் நீளமாகவும் குட்டையாகவும் அமைந்துள்ளவை விரிவாக்கச் செருகுவாய்கள். வரைகலை அட்டை, வலைப்பின்னல் அட்டை முதலியன இவற்றில் பொருந்தும். 1990களில் பரவிய பிசிஐ என்னும் பாட்டை, 32 பிட்டுகளை இணைத்தடங்களில் ஒரே நேரத்தில் அனுப்பியது. எல்லா அட்டைகளும் அப்பாட்டையைப் பகிர்ந்துகொண்டன. வேகம் கூடக்கூட, மேலே கண்ட அணிவகுப்புச் சிக்கல் அங்கும் தலைதூக்கியது.

2003ஆம் ஆண்டில் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் தரநிலை வேறு வழியைத் தேர்ந்தது. பலரை ஒரே வரிசையில் நடத்துவதற்கு மாறாக, ஒற்றைப் பாதையில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மிகுவேகத்தில் அனுப்புவதே அவ்வழி. ஒவ்வொரு பாதையிலும் அனுப்ப ஓரிணை, பெற ஓரிணை என நான்கு தடங்கள் உள்ளன. ஓரிணையின் இரு தடங்களும் ஒன்றுக்கொன்று எதிரான மின்சைகைகளைச் சுமக்கின்றன. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். பெறுமுனை இரண்டின் வேறுபாட்டை மட்டும் கணக்கிடுவதால், பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்துவிடும்.

வேகம் மேலும் வேண்டுமாயின் பாதைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். குட்டைச் செருகுவாயில் ஒரு பாதையும், வரைகலை அட்டைக்குரிய நீண்ட செருகுவாயில் பதினாறு பாதைகளும் இருக்கும். மூன்றாம் தலைமுறையில் ஒரு பாதை, ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 1 கிகா பைட் செய்தியைக் கடத்தியது. நான்காம் தலைமுறையில் அது 2 ஆகவும், ஐந்தாம் தலைமுறையில் 4 ஆகவும் உயர்ந்தது. புதிய அட்டையைப் பழைய செருகுவாயில் பொருத்தினால், இரண்டும் முதலில் தம் திறன்களைத் தமக்குள் ஒப்பிட்டு, இருவருக்கும் இயலும் உயர்ந்த வேகத்தில் பணியைத் தொடங்குகின்றன.

ஒரு காலத்தில், நினைவகத்தையும் வரைகலையையும் இணைக்க ஒரு சில்லும், பிற கருவிகளை இணைக்க மற்றொரு சில்லும் பலகையில் இருந்தன. ஏஎம்டி நிறுவனம் 2003ஆம் ஆண்டிலும் இன்டெல் நிறுவனம் 2008ஆம் ஆண்டிலும் தம் மேசைக் கணினி நுண்செயலிகளுக்குள்ளேயே நினைவகக் கட்டுப்பாட்டை இணைத்தன. அதன்பின் முதற்சில்லின் தேவை படிப்படியாக மறைந்தது. இன்று விரைவு மிகத் தேவைப்படும் நினைவகமும் முதன்மை வரைகலைச் செருகுவாயும் நுண்செயலியோடு நேரடியாகத் தொடர்புகொள்கின்றன. சாட்டா சேமிப்பகம், யுஎஸ்பி வாய்கள், வலைப்பின்னல் போன்ற பல பணிகளைச் சிப்செட் எனப்படும் ஒரு சில்லு திரட்டி, நுண்செயலிக்குக் கொண்டுசேர்க்கிறது.

தெரிந்து தெளிவோம்

யுஎஸ்பி என்னும் பொது இணைப்பு முறையின் முதல் தரநிலை 1996ஆம் ஆண்டில் வெளியானது. அதனை உருவாக்கிய குழுவில் முதன்மைப் பங்காற்றியவர், இந்தியாவில் பிறந்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அஜய் பட். அதற்குமுன் விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவ இணைப்புவாய்கள் இருந்தன.

விழித்தெழும் கணம்

மின்விசையை அழுத்தியதும், மின்வழங்கி தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றன என்று ஒரு மின்சைகை வழியாக அறிவிக்கிறது. அதன் பின்னரே நுண்செயலி செயல்பட விடப்படுகிறது. அக்கணத்தில் நினைவகம் வெறுமையாக இருக்கும். இயக்க அமைப்போ சேமிப்பகத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். முதல் கட்டளை எங்கிருந்து வரும்? தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டுள்ள சிறு ஃபிளாஷ் சில்லிலிருந்து வரும். அதில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளைப் பயாஸ் என்றும், அதன் இன்றைய வளர்ந்த வடிவத்தை யூஇஎஃப்ஐ என்றும் வழங்குவர். அது நினைவகத்தைச் சோதித்துப் பழக்குகிறது. இணைந்துள்ள கருவிகளை எண்ணிப் பார்க்கிறது. குறை காணின் ஒலியாலோ ஒளியாலோ அறிவிக்கிறது. அனைத்தும் செம்மையாக இருந்தால் இயக்க அமைப்பை அழைத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறது.

பலகையில் காசு போன்ற வட்டமான 3 வோல்ட் மின்கலம் ஒன்றும் இருக்கும். கணினி அணைந்திருக்கும் காலத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க அது துணைபுரிகிறது. அக்கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு ஆகும். பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்குச் சரியாக ஓர் அதிர்வு கிடைக்கிறது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் நாளும் நேரமும் தவறாகக் காட்டினால், பெரும்பாலும் மாற்ற வேண்டியது அச்சிறு மின்கலத்தையே.

பழுதும் வாழ்நாளும்

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பல நிறுவனங்களின் தாய்ப்பலகைகள் சில ஆண்டுகளிலேயே பழுதடைந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, மின்தேக்கிகளுள் நிரப்பப்பட்ட மின்பகுதிரவம் தரம் குறைந்தது என்பது தெரியவந்தது. வெப்பத்தில் அத்திரவம் சிதைந்து வளிமத்தை உண்டாக்க, மின்தேக்கியின் தலைப்பகுதி உப்பிப் பிளந்தது. மலிவான ஓர் உறுப்பு, விலையுயர்ந்த பலகையையே செயலிழக்கச் செய்தது. அதன்பின் திரவமற்ற திண்ம மின்தேக்கிகள் பெருவழக்காயின. அதே காலத்தில், உப்பிய மின்தேக்கியை அகற்றிப் புதியதைப் பற்றவைத்துப் பலகையை உயிர்ப்பித்த பழுதுநீக்குநர் பலர். பழுதைக் கண்ணால் காணவும், அவ்வுறுப்பை மட்டும் மாற்றவும் முடிந்ததால்தான் அவ்வாறு செய்ய இயன்றது.

இன்று கைக்கணினிகள் பலவற்றிலும் கைப்பேசிகளிலும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. மெலிவும் விரைவும் கருதிய அவ்வமைப்புக்கு உரிய பயன் உண்டு. ஆயினும், அவற்றில் நினைவகம் போதாமற்போனால் முழுக் கருவியையும் மாற்றுவதே பலருக்கு வழியாகிறது. மேசைக் கணினியின் நிலை வேறு. அதன் தாய்ப்பலகை, நினைவகத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட செருகுவாய்களையும் சேமிப்பகத்திற்குப் பல இணைப்புகளையும் ஒதுக்கிவைத்திருக்கிறது. மெதுவாக இயங்கும் பழைய கணினியில் சுழல்வட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகத்தை இணைப்பதும், இன்னொரு நினைவகப் பட்டையைச் சேர்ப்பதும் அதற்கு மேலும் சில ஆண்டுக்காலப் பயன்பாட்டைத் தரக்கூடும்.

இதனை வீட்டுக் கணக்காக மட்டும் பார்த்தல் ஆகாது. 2022ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு தோன்றியது என்றும், அதில் கால்பங்குக்கும் குறைவானதே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தாய்ப்பலகையில் செம்பு, வெள்ளீயம், சிறிதளவு தங்கம் முதலிய மீட்கத்தக்க உலோகங்கள் உள்ளன. பழைய பலகைகளின் பற்றாசில் ஈயமும் உண்டு. பாதுகாப்பின்றித் திறந்தவெளியில் எரித்தும் அமிலத்தில் கரைத்தும் உலோகத்தைப் பிரிப்போர் நச்சுப்புகைக்கும் நோய்க்கும் ஆளாகின்றனர். நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் சுமத்துகின்றன. ஆனால், கழிவாகாமல் காப்பது மறுசுழற்சியினும் மேலானது. அதற்கு வேண்டியது, எதை மாற்றலாம், எதை மாற்ற இயலாது என்னும் தெளிவு. அத்தெளிவைத் தாய்ப்பலகையைக் கற்றவர் பெறுகிறார்.

நிறைவாக

தாய்ப்பலகை தானாக எந்தக் கணக்கையும் தீர்ப்பதில்லை. எந்தப் படத்தையும் வரைவதில்லை. தனித்தனித் திறனுடைய உறுப்புகளுக்கு இடம் வகுத்து, ஆற்றல் ஊட்டி, ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்குமாறு பொதுவிதிகளைக் காத்து நிற்பதே அதன் பணி. துளையின் இடம், முனையின் எண்ணிக்கை, தடத்தின் நீளம், மின்னழுத்தத்தின் அளவு என ஒவ்வொன்றும், ஒருவரையொருவர் காணாத பல்லாயிரம் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் ஒரு வரி. அவ்வரிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்வரை, உறுப்புகளைச் செய்வோர் பலராக இருக்கலாம். பழுது நீக்குவோர் நம் தெருவிலேயே இருக்கலாம். அவருள் ஒருவராக நாளை நீங்களும் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பயன்பாட்டில் இல்லாத தாய்ப்பலகை ஒன்றை ஆசிரியர் துணையுடன் பார்வையிட்டு, அதன் படத்தை வரைந்து, உறுப்புகளைத் தமிழ்ப்பெயர்களால் குறிக்க.

2. 1 வோல்ட்டில் 65 வாட் திறனை நுகரும் நுண்செயலிக்குத் தேவையான மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, 12 வோல்ட்டில் அதே திறனுக்குத் தேவையான மின்னோட்டத்துடன் ஒப்பிடுக.

3. உங்கள் ஊரில் கணினிப் பழுது நீக்கும் ஒருவரைச் சந்தித்து, அவரிடம் மிகுதியாக வரும் பழுதுகள் யாவை, அவற்றுள் உறுப்பை மாற்றிச் சரிசெய்யத்தக்கவை யாவை எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

4. ‘புதியது வாங்குதலா? பழையதைப் புதுப்பித்தலா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.